மீட்க வேண்டியதைக் குறியிடவும்

முப்பத்தொன்று சதவீதம் என்று காட்டியது. இந்தச் சனியன் கால் மணி நேரத்துக்கு முன்னாலும் முப்பத்தொன்றுதான் காட்டியது. கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி அசையாமல் கிடக்க, அதற்குக் கீழே மீதி நேரம் மட்டும் தன் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம் என்றது, நாலு மணி நேரம் என்றது, திடீரென்று மனமிரங்கி நாற்பது நிமிடம் என்றது, திருமூர்த்தி எழுந்து போய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி இரண்டு மணி. இருபத்தாறு வருசமாக மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேமோடு குடித்தனம் பண்ணுகிறவன் அவன். எந்த மெஷினும் அவனிடம் இப்படிப் பேச்சு மாற்றியதில்லை. பழுதென்றால் பழுது, பெல்ட் தேய்ந்தால் நாற்றம் வரும், பேரிங் போனால் கத்தும், கையை வைத்தால் சூடு சொல்லும். இது எதையும் சொல்லாது. சிரித்த மூஞ்சியோடு உட்கார்ந்திருக்கும். மணி ஒன்பதே கால். பெண்டாட்டி சாந்தாமணி பன்னிரண்டு மணி பஸ்ஸில் இறங்குவாள். மூன்று மணிக்குக் கோமங்கலத்துக் கல்யாணக்காரர்கள் வந்து பதினாலு ஜாக்கெட்டுக்கு எந்த எம்பிராய்டரி டிசைன் என்று பார்த்துத் துணி கொடுத்துவிட்டுப் போவார்கள், பார்க்க ஒரு டிசைன்கூட இந்த வீட்டில் இல்லை, ஒன்றுகூட, அத்தனையையும் நேற்றுச் சாயங்காலம் ஆறரை மணிக்குத் தன் கையாலேயே அழித்தவன் இப்போது ராத்திரி ஷிப்ட் முடித்த கண்ணோடு, பஞ்சு ஒட்டிய தலையோடு, இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விடியற்காலையில் அவள் காங்கயத்து அக்காள் வீட்டிலிருந்து போன் பண்ணினாள், ஏனுங்க, வந்துட்டீங்களா, அந்த ஒத்தை மயில் டிசைனைச் சித்தே திரையில போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அக்கா கேட்கறா. அவன் கம்ப்யூட்டரைப் போட்டான், தேடினான், அப்போதுதான் புரிந்தது நேற்றுத் தள்ளியது என்னவென்று, படியில்லாத இடத்தில் காலை வைத்த மாதிரி. நெட் வரலை அம்மிணி, என்று சொன்னான். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய், இந்தக் கோட்டுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்.

யார் சொன்னது அழிக்கச் சொல்லி. ஒருத்தரும் சொல்லவில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஒரு சிவப்புப் பட்டை, நாலு நாளாக. சிவப்பைப் பார்த்தால் அவனுக்குக் கை சும்மா இராது, அது மில் புத்தி. மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நூல் நம்பருக்கும் அதைச் சுற்றுகிற பாபினில் ஒரு வண்ணம், நிறக் குறி இல்லாமல் ஒரு பாபின் தரையில் கிடந்தால் அது யார் விட்டது, எந்த நூல் என்று கேள்வியே கிடையாது, நேரே வேஸ்ட் மூட்டைக்கு. கேட்டுக்கொண்டு நின்றால் நூல் கலந்துபோகும், ஒரு லாட்டே திரும்பி வரும். நல்ல வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் இங்கேயும் கொண்டுவந்தான். படத்துக்கு ஒரு குறி இருக்கிறது, பாட்டுக்கு ஒரு குறி இருக்கிறது, கடிதத்துக்கு நீலக் குறி, இது என்ன குறியே இல்லாமல் வெறும் வெள்ளைத் தாள் மாதிரி ஆயிரத்துச் சொச்சம்? ஒன்றைத் தட்டினான், திறக்க முடியாது என்றது. இன்னொன்றைத் தட்டினான், திறக்க முடியாது. பத்துப் பார்த்தான், அவளுடைய தையல் புரோகிராமில்தான் அவை திறக்கும் என்று யார் கண்டது. திறக்காதது, குறியில்லாதது, இடத்தை அடைப்பது. பெயரைக்கூடப் படிக்கவில்லை, மொத்தமாக வளைத்துப் பிடித்தான், தள்ளினான், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினான், சிவப்புப் பட்டை நீலமாயிற்று. அந்த நீலத்தைப் பார்த்துச் சிரித்தானே, அந்தச் சிரிப்பைத்தான் இப்போது பல்லோடு பிடுங்கி எறியவேண்டும் போலிருக்கிறது. அதோடு விட்டானா. இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறான், மில் நோட்டு மாதிரியே கோடு போட்டு, மெஷின் எண் ஒன்று: வீட்டுக் கம்ப்யூட்டர். விசிறி தூசி எடுத்தது, பிராசஸருக்குப் பசை மாற்றியது, உள்ளே அந்தச் சின்ன பேட்டரி மாற்றியது, தேதியும் கையெழுத்தும். நேற்று எழுதியிருக்கிறான்: வேஸ்ட் நீக்கப்பட்டது. கையெழுத்து. மேற்பார்வையாளர் என்ற இடத்திலும் அவனே கையெழுத்து. வாராவாரம் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கவேண்டும் என்று கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற வீடியோவில் அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான், நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறான், எட்டு மாதமாக அது காலி. மில்லில் ஸ்பேர் இல்லாமல் ஒரு மெஷினைத் தொடுவானா அவன்? தொட்டவனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவான்.

முப்பத்துநாலு. நகர்ந்துவிட்டது. நகராமலேயே இருந்திருந்தால்கூடக் கோபத்துக்கு ஒரு பிடி இருக்கும். இன்றைக்குக் காலை ஏழரை மணிக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் கடைக்காரன் ரியாஸை வீட்டு வாசலிலேயே பிடித்தான், வாயில் பிரஷ்ஷோடு நின்றான் அவன். என்னங்ணா விடியக் காலத்துல, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? ஃபைல் அழிஞ்சு போச்சு ரியாஸ். அழிஞ்சு போச்சா, அழிச்சுட்டீங்களா? திருமூர்த்தி பைக் சாவியைத் திருகினான், அதுவே பதிலாகிவிட்டது. எத்தனைங்ணா? ஆயிரத்து நூத்திச் சொச்சம். ரியாஸ் நுரையைத் துப்பினான், மெதுவாக, தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, அக்காளோடதா, என்றான். ஏனுங்ணா, ஒரு டிசைனுக்கு அந்தக்கா மூணு ராத்திரி உக்காந்து புள்ளி புள்ளியா வெக்கும், நீங்க ஒரே சாயங்காலத்துல கூட்டிப் பெருக்கிட்டீங்களே, மில்லுல உங்களுக்குப் பரிசே குடுக்கலாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பென் டிரைவில் அழிந்ததை மீட்கிற ஒரு புரோகிராமும், மீட்டதைப் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு டிஸ்க்கும் கொடுத்தான். இனிமே உங்க டிஸ்க்குல ஒரு எழுத்துகூடப் புதுசா எழுதக்கூடாது, ஆமா சொல்லிட்டேன். அழிச்சது எங்கயும் போயிடலை, பேரை மட்டுந்தான் அடிச்சிருக்குது, ஆளு உள்ளயேதான் படுத்திருக்கான், காலி இடம்னு நெனச்சு வேற எதாவது அவன் மேல ஏறி உக்காந்துச்சுன்னா, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஆகாது. சரி, சரி என்று தலையாட்டினான் திருமூர்த்தி, ஆனால் காதில் மாட்டிக்கொண்டு நின்றது மூணு ராத்திரி. மூணு ராத்திரி உக்காந்து. ராத்திரி அவள் உட்கார்ந்திருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருப்பாள். தனக்கு ஏன் தெரியவில்லை? ராத்திரி அவன் மில்லில். பகலில் அவன் தூக்கத்தில். சொல்ல நேரம் எங்கே என்று நியாயம் பேசியது மனசு, நேரம் எங்கேயா, ரியாஸிடம் சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது.

இந்த முள் புதிதில்லை. போன வருசம் தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, போர்வைக்குள் பாதித் தூக்கத்தில் கிடந்தவனுக்குத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் நின்றுபோய் ரியாஸ் வந்திருந்தான். என்ன சிரிப்பு என்று கூர்ந்து கேட்டான், சந்தேகப்பட ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை, தப்பாக ஒரு வார்த்தை இல்லை. லேயர் என்றாள், ஸ்டிச் கவுண்ட் என்றாள், இந்த எடத்துல நூலு அறுந்துட்டே இருக்குதுங்க, அடர்த்தியைக் குறைச்சுப் பாத்தேன், என்றாள், அவன் ஏதோ சொல்ல, அட ஆமாங்க, என்று அந்தச் சிரிப்பு. நூல் அறுவது பற்றி. நூல் அறுவதைப் பற்றிப் பேச இந்த ஊரில் தன்னைவிட ஆள் யார்? பத்தடி தூரத்தில் படுத்திருக்கிறான், எழுப்பி ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா. எழுந்து போய் நின்றிருக்கலாம். கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய், என்ன டென்ஷன் வெச்சிருக்கறே நூலுக்கு, என்று கேட்டிருக்கலாம். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, சித்தே மெதுவாப் பேசுங்க, மனுசன் தூங்கறதா வேண்டாமா, என்று கத்தினான். சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு ஷிப்டில் டீ குடிக்கிற பத்து நிமிடத்தில் முதல் வீடியோ பார்த்தான். கம்ப்யூட்டரின் உள்பாகங்கள், தமிழில். இனி இந்த வீட்டு மெஷினுக்கு வெளியாள் வரக்கூடாது. எட்டாவதோடு நின்றவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், ஒவ்வொரு வார்த்தையாகச் சிகரெட் அட்டையில் எழுதிவந்து பார்த்தான், மெமரி கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியபோது செத்துக் கிடந்தது பிழைத்துக்கொண்டது, சாந்தாமணி எட்டிப் பார்த்து, பரவால்லையே, என்றாள். அந்த ஒரு பரவால்லையேவுக்காக ஒரு வருசம் மாடு மாதிரிப் படித்தான். அவள் அதில் என்ன செய்கிறாள் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. மெஷினைத் தெரியும், மெஷினில் ஓடுவது என்ன என்று தெரியாது. மில்லிலும் அப்படித்தானே, அவன் ஓட்டுகிற நூலை யார் உடுத்தினார்கள் என்று எப்போது கேட்டான்.

திடீரென்று மின்விசிறி தள்ளாடி நின்றது. யூபிஎஸ் கூவியது. கரண்ட் போய்விட்டது. கை தானாகப் போய் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது, விழப்போகிற குழந்தையைப் பிடிப்பதுபோல. பத்து நிமிடம் தாங்கும், நோட்டில் எழுதியிருக்கிறான், பத்து நிமிடம், பேட்டரி அவனே மாற்றியது, அவனே மாற்றியது என்பதே இப்போது பயமாக இருந்தது. கீ, கீ, கீ என்றது. வாடி, வா, வந்து தொலை, என்று யாரையோ திட்டினான், மின்வாரியத்தையா, போட்டோ கேட்ட காங்கயத்து அக்காளையா, தன் புத்தியையா. மூன்று நிமிடத்தில் வந்தது. விசிறி சுற்றியதும் வியர்வை குளிர்ந்தது, அப்போது பார்த்தால் கோடு ஐம்பத்தெட்டுக்குத் தாவியிருக்கிறது, கீழே ஒரு பட்டியல் கடகடவென்று இறங்குகிறது. வெள்ளைத் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். மேலே இங்கிலீஷில் ஒரு வரி, எழுத்துக்கூட்டினான்: மீட்க வேண்டியதைக் குறியிடவும். முதன்முறையாகப் பெயர்களைப் படித்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தாள், வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடுகிறது. ஒத்தை மயில். சின்னக்கா கை. மாங்கா அடுக்கு. கழுத்துக்கு ரயில் தண்டவாளம். சிரிப்பு வந்தது, அடக்கினான். மாமா மீசை. அது ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு மாதிரி. அவன் கை மேலுதட்டுக்குப் போனது. இந்த ஊரில் எத்தனை பொம்பளைகள் முதுகில் இந்த மீசையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்களோ. அவனுக்குத் தெரியாமல். ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக் குறி போட்டுக்கொண்டே வந்தான், மொத்தமாகப் போட வழியிருக்கிறது, வேண்டாம், மொத்தமாகச் செய்துதான் இந்தக் கதிக்கு வந்தது. சிலவற்றின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி, சேதம் என்று அர்த்தம். இருபதோ முப்பதோ. ஒவ்வொரு சிவப்புக்கும் தொடையில் ஒரு குத்து விட்டுக்கொண்டான்.

அறுநூறு தாண்டியிருக்கும், நடுவில் வேறு குறியோடு சில வந்தன. கடிதக் குறி. பெயர் இல்லை, வெறும் தேதிகள். இதை நான் அழிக்கவில்லையே. குறி இருப்பதை நான் தொடவேயில்லையே. பதினேழு இருந்தன, எல்லாம் ஒவ்வொரு வருசம், ஒவ்வொரு மாதம். அப்போதுதான் உறைத்தது, இந்தப் புரோகிராமுக்கு யார் அழித்தது என்று தெரியாது, குப்பையைக் கிளறினால் எல்லார் போட்டதும்தான் வரும், இது அவள் அழித்தது. ஒன்றைத் தட்டினான். ஓரத்தில் சின்னப் பெட்டியில் மூன்று வரி காட்டியது, முழுக்க வேண்டுமென்றால் மீட்டுத்தான் திறக்கவேண்டும். 'நீங்க எந்திரிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள எழுதி அழிச்சிருவேன். இன்னிக்குக் குக்கர் விசிலுக்குக் கத்தினீங்க'. அவ்வளவுதான். அடுத்தது. 'மாமா, நான் ஒண்ணும் மில்லுல உங்களுக்குக் கீழ வேலை பாக்கற ஆளில்லை. கதவை மெதுவாச் சாத்து, மெதுவாப் பேசு, மெதுவா நட. பதினொரு வருசமா இந்த வீட்ல நான்'. நான்? நான் என்ன? மவுஸை இழுத்தான், தேய்த்தான், அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. அடுத்தது. 'இன்னிக்கு உங்களுக்குப் பொறந்த நாளு. கேசரி மூடி வெச்சிருக்கறேன். கோவமாத்தான் கிண்டினேன், ஆனா'. ஆறு பார்த்தான். ஆறிலும் மூன்று வரி, ஆறும் ஒரு கதவைத் திறந்து பாதியில் முகத்தில் சாத்தின. காது மடல் கொதித்தது. எனக்குத்தானே எழுதியிருக்கிறாய், மாமா என்று போட்டு, எனக்குத்தானே, கொடுக்கவேண்டியதுதானே, கேசரிக் கிண்ணத்துக்குக் கீழே ஒரு சீட்டு வைத்தால் படிக்கமாட்டேனா? எழுதுவாளாம், ஒரு மணி நேரத்தில் அழிப்பாளாம். அழித்துவிட்டு எழுந்து வந்து, தண்ணி காய வெச்சிருக்கறேன் குளிச்சுட்டு வாங்க, என்பாளாம், அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு வரி தெரியாது. பதினேழுதானா, வேறு எதுவோ மேலே ஏறி நசுங்கிப் போனது இன்னும் எத்தனை? அவள் தூக்கிப் போட்டதைப் பொறுக்கிப் படிக்க நான் என்ன குப்பை அள்ளுகிறவனா, என்று ரோஷம் வந்தது. அடியில், ரோஷத்துக்கும் அடியில், பயம். அந்த நான்காவது வரி. பதினேழுக்கும் முன்னாலிருந்த கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு மேலே போனான், மாங்காய், தாமரை, ஜோடி யானை என்று ஆவேசமாகக் குறி போட்டுக்கொண்டு போனான், ஒவ்வொரு தாமரைக்கும் நடுவில் ஆனா, ஆனா என்றது.

பன்னிரண்டு மணி பஸ் என்று சொன்னவள் பதினொன்றரைக்கே அக்காள் புருசனின் பைக்கில் வந்து இறங்கினாள். கோடு தொண்ணூற்றெட்டு. எழுந்திருக்கக்கூட நேரமில்லை.

"நெட்டு வரலைன்னீங்க, அப்புறம் என்ன இத்தனை எழவெடுத்த ஒயரு?" தோள்பையோடு வாசலிலேயே நின்றாள். "தூங்கலையா?"

"அழிச்சுட்டேன்."

"எதை?"

"டிசைனை. எல்லாத்தையும். நேத்துச் சாயங்காலம். தொறக்காததெல்லாம் வேஸ்ட்டுன்னு நெனச்சுட்டேன்."

பை தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டா வாயிலிருந்து முத்து உதுந்துருமா உங்களுக்கு?"

"நீ சொன்னியா? இன்னது இன்னதுன்னு ஒரு நாளாவது சொன்னியா? ரியாஸுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை!"

"ஆருகிட்டச் சொல்றது? போர்வைகிட்டயா?"

அவள் வந்து, நகருங்க, என்று சொல்லாமலே நாற்காலியின் முதுகை அசைத்தாள், நகர்ந்தான். நின்றுகொண்டே மவுஸைப் பிடித்துப் பட்டியலை மேலிருந்து உருட்டினாள், உதடு அசைய ஒவ்வொரு பெயராக, சிவப்புப் புள்ளி வரும்போதெல்லாம் ச்ச் என்றாள். ஒத்தை மயில் நல்லாயிருக்குது, என்று தனக்கே சொன்னாள். போனாப் போகுது, கோமங்கலத்துக்கு அது போதும். பிறகு கை நின்றது. தேதிகள். குறி போடாத பதினேழு கட்டங்கள். அவள் கழுத்து நரம்பு ஒன்று துடிப்பதை அவன் பார்த்தான், இத்தனை வருசத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் கழுத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது.

"படிச்சீங்களா?"

"மூணு மூணு வரி. அதுக்கு மேல அது காட்டாது."

"காட்டியிருந்தா?"

"தெரியலை."

"அதான் உட்டுட்டுப் போயிட்டீங்களாக்கும். தெரியாத மாதிரி." திரும்பி அவனைப் பார்த்தாள். அழுகையில்லை, அவன் கண்ணில் இருந்த அதே எரிச்சல்தான், அதைவிடப் பழையது. "வெளிய வந்துருச்சில்ல. படிங்க. முழுசாப் படிங்க. தூக்கம் வருதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா பாத்துக்கங்க."

ஒவ்வொன்றாகத் தட்டினாள். டக், டக் என்று ஒவ்வொரு கட்டத்திலும் குறி விழுந்தது, கேசரி விழுந்தது, குக்கர் விசில் விழுந்தது. பதிமூன்றாவதில் அம்பு ஒரு நொடி நின்றது. போன வருசம் ஆகஸ்ட் பத்தொன்பது. அவன் திறந்து பார்க்காத ஒன்று. குறி போடாமலே அதைத் தாண்டிப் பதினாலாவதற்குப் போனாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. கீழே இருந்த பொத்தானை அமுக்கினாள், ஐந்து நிமிடத்தில் எல்லாம் ரியாஸின் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தன, அவன் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பட்டியலை மூடினாள். பதினாறு கடிதங்களை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு அதற்கு அவன் பெயரை வைத்தாள், டிசைன்களை மொத்தமாக வளைத்துப் பிடித்துப் பழைய இடத்துக்கே, சொந்த டிஸ்க்குக்கே, திருப்பிக் கொட்ட ஆரம்பித்தாள். நிறுத்து, ஒரு எழுத்துகூட அதில் எழுதக்கூடாது, ஆள் உள்ளேயேதான் படுத்திருக்கிறான், ஏறிவிட்டால் ஆண்டவன் வந்தாலும் ஆகாது, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அவளுக்கும் அது தெரியும், தெரிந்துதான் கொட்டுகிறாள், இந்த மெஷினை அவனுக்கு முன்னாலிருந்தே தெரிந்தவள். மயில் போயிற்று, மாங்காய் போயிற்று, மீசை நாலும் போயிற்று, எது அந்தப் பதிமூன்றாவதின் மேல் உட்கார்ந்ததோ. "சாந்தா," என்றான். "மூணு மணிக்கு ஆளு வர்றாங்க," என்றாள் அவள், திரும்பாமல். ஆகஸ்ட் பத்தொன்பது. செவ்வாயா, புதனா? ஷிப்டா, லீவா? மழை பெய்ததா அன்றைக்கு, யாராவது வந்தார்களா, கத்தினானா, கத்தாமல் ஏதாவது நல்லது செய்துவிட்டானா, எதைச் செய்தான், எதைச் செய்யவில்லை? ஒன்றுமே ஞாபகம் வரவில்லை, ஒரு தூங்கிய நாள்.